ஜோவனாசியின் குரலில் ஓர் ஏச்சு

கதவை இழுத்துச் சாத்துங்கோ, அங்கிள். இன்னும். தோளால் இடியுங்கோ. ஆ, அவ்வளவுதான்.

ஓம், டாக்சி ஆபீஸ் இதுதான். டாக்சி இல்லை. விமானமும் இல்லை. விமான நிலையத்துக்குப் போன் எடுத்துப் பிரயோசனமில்லை, அவர்கள் சொல்லப்போவதை நானே சொல்லிவிடுகிறேன்: "பயணிகளின் அன்பான கவனத்துக்கு, மோசமான காலநிலை காரணமாக…" பார்த்தீங்களா, அப்படியே மூக்கால். அந்த அறிவிப்புப் பொம்பிளையிடமே ஒருமுறை செய்து காட்டினேன். மனுசி தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தது.

இருங்கோ. சப்பாத்தைக் கழற்றி ஹீற்றருக்குக் கிட்ட வையுங்கோ. தேத்தண்ணி போடுகிறேன். ஓம், தமிழ்தான், பெயர் ஆரணி. பிறந்தது ஸ்காபரோ, வளர்ந்தது கனடாவின் வட உச்சியில், இந்த இக்கலுவிட்டில். நீங்கள் பனிக்குள் விழப் பார்த்து "அம்மாடி" என்றது உள்ளே கேட்டது, அதுதான் தமிழில் தொடங்கினேன்.

உங்களுக்கு ஒரு கதை சொல்லுகிறேன். வயிறு நோகச் சிரிப்பீங்கள். ஆனால் சிரிப்பு கடைசியில்தான். இப்பவே தந்தால் ருசிக்காது. ஒரேயொரு நிபந்தனை, மூலையில் இருக்கிற அந்த ரேடியோ இரைந்தால் நான் நிறுத்துவேன், நீங்களும் வாயை மூட வேண்டும். தேடுகிற ஆட்கள் அதில்தான் கதைப்பார்கள். தேடுவது என் அப்பாவை. நேற்று மத்தியானம் உறைந்த கடல்பனிக்கு மேலே போனவர், இன்னும் வரவில்லை.

முகத்தை அப்படி வைக்காதீங்கோ. நான் சொன்னது சிரிப்புக் கதை.

அம்மா ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிற லோன்றியில் வேலை. இன்றைக்கும் போயிருக்கிறா. வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும் என்றா. நேற்றிரவு என்னை இங்கே அனுப்பினதும் அவதான். முதலாளி பெர்னார் தேடுகிற ஆட்களோடு ஐஸ் கரையில் நிற்கிறார், காற்று அடங்கினால் உடனே புறப்பட. "ஆரணீ, ரேடியோவை விட்டு அசைந்தாய் என்றால் உன்னை விற்றுப்போடுவேன்!" பெர்னார் பிரெஞ்சுக்காரர், கோபம் வந்தால் எல்லாவற்றையும் விற்றுப்போடுவார்.

சரி, கதை. போன மாதம் இதே மாதிரி ஒரு காற்று. அப்பா டாக்சி ஓட்டிக்கொண்டு வருகிறார். இந்த ஊரில் தெருப் பெயர் ஒருவருக்கும் தேவையில்லை, வீட்டு நம்பரைச் சொன்னால் டாக்சி வரும். அப்பாவுக்கு நம்பர் எல்லாம் மனப்பாடம். வீட்டு நம்பர், போன் நம்பர், எந்த நம்பரில் எந்தக் கிழவிக்கு முழங்கால் வருத்தம், எல்லாம். பரராஜசிங்கம் என்ற முழுப் பெயரைச் சொல்ல வாய் வராமல் ஊரே "பாரா" என்று கூப்பிடும். அந்தப் பாராவுக்கு அன்றைக்குத் தன் காரின் மூக்கே தெரியவில்லை. ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு நாய், செத்துக் கிடக்கிறது.

ஜோவனாசியின் நாய். பனிவண்டி இழுக்கிற நாய்களில் முன்னுக்கு ஓடுகிறது. சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

ஜோவனாசி யாரா? இந்த மண்ணின் பூர்வீகக் கிழவர், கல்லில் உருவம் செதுக்குகிறவர். உங்கள் மடியில் துவாயில் சுற்றி வைத்திருக்கிறீங்களே, ஹோட்டலில் சாப்பிடும்போது மேசையடிக்குக் கொண்டுவந்து விற்றார்கள்தானே? காட்டுங்கோ. சீல். அதுதான், கடல்நாய். நல்ல கல், பச்சை ஓடுகிறது. ஆனால் இது ஜோவனாசி செய்ததில்லை. அவருடைய சீலுக்கு மூக்கு திறந்திருக்கும். செதுக்கும்போது தானும் சீல் மாதிரித்தான் மூச்சு விடுவார், இப்படி, ப்ஃபூ… பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, செத்துப்போனாரோ என்று நாங்கள் எட்டிப் பார்க்கும்போது மறுபடி, ப்ஃபூ. கரடி செய்கிற நாளில் பாதத்தை உள்ளுக்கு மடக்கித்தான் நடப்பார். கடைக்கும் அப்படியே போவார். கல்லை வாங்கினால் முதலில் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிக் கேட்பார், உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் மாறுமாம். பிறகு நக்கிப் பார்ப்பார். உண்மையாக! ஈரம் பட்டால்தான் நிறம் தெரியும்.

அந்த நாயின் பெயர் மோசசி. அது அவருடைய செத்துப்போன தம்பியின் பெயர். எங்கள் ஆட்களிடம் செய்து பாருங்கோ, செருப்பு வரும். ஜோவனாசிக்கு அது அன்பு. பெயர் போகிற இடத்துக்கு ஆளும் கொஞ்சம் போகும் என்பார். அந்த நாயைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார், முதல் துண்டு இறைச்சியை அதற்குத்தான் வெட்டுவார். இதெல்லாம் அப்பாவுக்கு அடித்த பிறகுதான் தெரியும். யாரோ டாக்சியில் ஏறினவர் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் அப்பா போய் அவருடைய வாசலில் நின்றார். ஜோவனாசி உள்ளே கூப்பிட்டார், தேத்தண்ணி கொடுத்தார், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கதைத்தார், அனுப்பிவிட்டார். நாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. இங்கே பெரியவர்கள் அப்படித்தான், வாயால் கோபத்தைக் கொட்டுவது சின்னப்பிள்ளைகள் செய்கிற வேலை. ஆனால் அப்பா யாழ்ப்பாணத்து ஆள். எங்களை மன்னிக்க வேண்டும் என்றால் முதலில் ஏச வேண்டும். நாலு பேர் கேட்க ஏசி, "இனி இந்தப் படி மிதிக்காதை" என்று துரத்தி, கேற்றடிக்குப் போக முதல் ஒரு ஆளை அனுப்பி "சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு" என்றால் அது மன்னிப்பு. வெறும் தேத்தண்ணி என்றால்? அது சாபம் போட்ட மாதிரி.

வந்தவர் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்தார். டாக்சித் திறப்பு ஆணியில் தொங்கியது, காரை எடுக்கவே இல்லை. "மனுசரைக் கொண்டிட்டன்" என்பார். அம்மா, "அது நாயப்பா" என்பா. "பேர் இருந்தது" என்பார். அம்மா வைத்தது புட்டோ சோறோ, தொட மாட்டார். நான் குரல் செய்து பார்த்தேன். பாதிரியார், எங்கள் பிரின்சிபல், கொழும்பு மாமி, எல்லாரையும் இறக்கினேன். மாமிக்குச் சிரிக்காத அப்பாவை நான் கண்டதில்லை. சிரிக்கவில்லை.

ஒரு நாள் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். கனநேரம். தண்ணீர்ச் சத்தம் இல்லை. அம்மா தட்டினா, கெஞ்சினா, பிறகு கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றா. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை, பெர்னாரின் குரலில் கத்தினேன்: "பாரா! ஏர்போர்ட்! ரெண்டு பேர்! உடனே!" கதவு திறந்தது. பழக்கம்தானே, டாக்சிக்காரனுக்கு. நான் முகத்தைப் பார்க்கவில்லை, அங்கிள், முதலில் கையைத்தான் பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லை.

அன்றைக்குத்தான் யோசனை வந்தது. ஏச்சுத்தானே வேண்டும்? நான் ஏசுகிறேன்.

இதோ, பெர்னார் இல்லாத நேரம் பார்த்து, இந்தப் போனில் இருந்துதான் அப்பாவுக்கு எடுத்தேன். ஜோவனாசியின் குரலைச் செய்வது சும்மா வேலை இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நீங்கள் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கலாம், அவ்வளவு இடைவெளி. இங்கிலிஷ்தான், கொஞ்சம்தான் பேசுவார், நான் உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். "பாரா… நான்… ஜோவனாசி. என் தம்பியை… நீ அடிச்சிட்டாய். கண் இல்லையா… உனக்கு? குடிச்சிருந்தியா? உன்னை எல்லாம்… ஆர் கார் ஓட விட்டது?" நல்லாகத்தான் ஏசினேன். எங்கள் அம்மாவின் ஏச்சு எல்லாவற்றையும் ஜோவனாசியின் வாயில் போட்டேன். மறுபக்கம் அப்பா, "ஓம் சேர்… ஓம் சேர்…" அழுகிறார். குழந்தை மாதிரி அழுகிறார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஓம், சிரித்தேன், ஏன் பார்க்கிறீங்கள்? வேலை செய்துவிட்டதே!

அதோடு விட்டால் அடுத்த நாள் பழையபடி சுவரைப் பார்ப்பார். அதால் ஒரு தண்டனையும் போட்டேன். "மிச்ச நாய்களுக்கு… நீதான் சாப்பாடு போட வேணும். காலமையில். என்னோட… கதைக்காதை. முகத்தை… காட்டாதை." முகத்தைக் காட்டாதே என்றது என் கெட்டித்தனம். நேரில் கதைத்தால் பிடிபட்டுவிடுவேனே.

நம்பரா? ஓம், அப்பாவின் போனில் "ஆபீஸ்" என்றுதான் விழும். அதைக்கூட மனுசன் யோசிக்கவில்லை பாருங்கோ, அவ்வளவுக்கு உடைந்துபோயிருந்தார்.

அடுத்த நாள் எழும்பிச் சவரம் செய்தார். தெருநாயைக் கண்டால் காருக்குள் இருந்துகொண்டே கண்ணாடி ஏற்றுகிற ஆள், கடற்கரையில் கட்டியிருக்கிற ஆறு பெரிய நாய்களுக்கு முன்னால் போய் நின்றார். உறைந்த சீல் இறைச்சியைக் கோடாலியால் கொத்தினார். வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாதவர்! வந்து கையை மஞ்சள் போட்டுக் கழுவினார், மூன்று தரம் முகர்ந்து பார்த்தார், பிறகு, "என்ன சமையல்?" என்றார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டா.

இறைச்சி எங்கே இருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. ஜோவனாசியின் பெட்டிக்குள் இருந்திருக்கும். அவர் ஜன்னலால் பார்த்திருப்பார். யாரோ ஒரு டாக்சிக்காரன் காலமையில் வந்து தன் நாய்களுக்குச் சாப்பாடு போடுகிறான், ஒன்றும் கேட்கவில்லை. இங்கே பெரியவர்கள் கேட்க மாட்டார்கள் என்றேனே. நாய்கள் இரண்டு தரம் தின்று கொழுத்துவிடும் என்று நான் பயந்தேன். கொழுக்கவில்லை. ஜோவனாசி தான் போடுவதை நிறுத்தியிருக்கிறார். மறந்திருப்பார், பாவம், வயது.

பொறுங்கோ. ஷ்…

இல்லை. சும்மா இரைச்சல். காற்று அன்டெனாவில் பட்டால் அப்படித்தான்.

தேத்தண்ணி ஆறப்போகிறது, குடியுங்கோ. எங்கே விட்டேன்? ஓம், நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஏசினேன். ஏச ஏச அப்பா தேறினார். டாக்சித் திறப்பு ஆணியால் இறங்கியது. காரின் சத்தம் கேட்டாலே நாய்கள் ஊளையிடத் தொடங்கினதாம். வீட்டில் வந்து ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்லுவார். இது கள்ளன், இது பெரியப்பா மாதிரி, இது தின்ன முதல் என் முகத்தைப் பார்க்கும், ஓம் என்றால்தான் தின்னும். சட்டையில் கல்லுத்தூள். என்ன இது என்றால், "காத்தோட வந்தது" என்பார்.

நானும் ஜோவனாசி கல் செதுக்குகிற கொட்டிலுக்குப் போவேன், குரல் படிக்க. ஒரு நாள் சீல் பிடிக்கிறது எப்படி என்று காட்டினார். பனிக்கு அடியில் சீல் மூச்சு விட வருகிற துளை இருக்கும். அதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, சீல் நகம் பூட்டின ஒரு தடியால் பனியைச் சுரண்டுவார்கள். கிர்ர்க், கிர்ர்க். மேலே இன்னொரு சீல் படுத்திருக்கிறது என்று நினைத்துக் கீழே இருக்கிறது வருமாம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "நீங்களும் பகிடிக்காரர்தான்!" என்றேன். அவர் அரத்தை வைத்துவிட்டு, "சீல் ஏமாறுவதில்லை" என்றார். "அதுக்கு எங்கட சத்தம் தெரியும். இவ்வளவு குளிரில் இருந்து இவ்வளவு கஷ்டப்பட்டு என்னை மாதிரிச் செய்யிறான், பாவம், பசியாக்கும் என்று அது தானாக வரும். அதால்தான் பிடிச்ச உடனே அதன் வாயில் நல்ல தண்ணீர் ஊத்துறது. உப்புத் தண்ணிக்குள்ளே இருந்து வாற விருந்தாளி."

என்ன கதை, பாருங்கோ. கொல்ல வருகிறவனைப் பார்த்துச் சீல் பாவப்படுமாம். நான் தலையை ஆட்டினேன், வயதுபோன மனுசன்தானே.

பிறகு, "நீ எல்லாரையும் செய்வாயாம்" என்றார், "என்னைச் செய்." செய்தேன். நேருக்கு நேர்! அவர் கண்ணை மூடிக் கேட்டார். "நல்லா இருக்கு. ஆனால் நான் தொடங்க முதல் இருமுவேன்" என்றார், இருமிக் காட்டினார். அடுத்த ஏச்சில் இருமலையும் சேர்த்துக்கொண்டேன். அப்பா அன்றைக்குப் போனில், "சேர், இண்டைக்கு உங்கட குரல் இன்னும் நல்லா இருக்கு" என்றார். நான் மேசைக்குக் கீழே விழுந்து சிரித்தேன்.

இல்லை, இது இல்லை. நீங்கள் சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை.

போன கிழமை அப்பா போனில் கேட்டார்: "சேர், இது எப்ப முடியும்?" முடிக்கத்தானே வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு பேரும் எங்கேயாவது சந்திப்பார்கள். பெரிதாக, மரியாதையாக ஏதாவது செய்ய வைத்து முடித்துவிடலாம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "தம்பி வண்டி இழுத்த… வாரை எடு. நீலத்தீவுக்குப் பின்னால… அவன் சீல் துளையை மோந்து பிடிச்ச இடம். ஒரு துளைக்குப் பக்கத்தில… வை. வைச்சிட்டு வா. பிறகு… உன்னில எனக்கு ஒண்டும் இல்லை." நீலத்தீவு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது, அங்கிள். ஜோவனாசி சொல்லக் கேட்ட பெயர். அப்பா கடல்பனியில் கால் வைக்கிற ஆள் இல்லை. கரையில் எங்கேயாவது வைத்துவிட்டு வருவார், ஏசமாட்டேன், கதை முடியும். அப்படித்தான் நினைத்தேன். அப்படித்தான்.

நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்தால் வருகிறேன், சமையலறையில் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை, அம்மாதான் சொன்னா. "அப்பா சிரிச்சுக்கொண்டு போனவர். கடல்பனிக்கு மேலயாம். பின்னேரம் வந்திடுவாராம்." அம்மா சந்தோசமாகச் சொன்னா! வெங்காயம் வெட்டிக்கொண்டு. அப்போதே ஜன்னல் வெள்ளையாகத் தொடங்கிவிட்டது.

இரவெல்லாம் நான் இந்தப் போனை எடுத்து அவருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். அங்கே சிக்னல் இல்லை. தெரியும். தெரிந்தும் அடித்தேன். ஜோவனாசியின் குரலில், "போதும் பாரா, வா, மன்னிச்சிட்டன்" என்று அவருடைய போன் பதிவுக்குள் சொன்னேன். பிறகு என் குரலில் சொன்னேன். எந்தக் குரலில் சொன்னால் கேட்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

காலமையில் ஜோவனாசி வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம், அடிக்கட்டும், கொல்லட்டும், அந்த இடத்தை மட்டும் காட்டட்டும் என்று. கதவு பூட்டு. கடற்கரையில் நாய்களும் இல்லை, சங்கிலி மட்டும் பனிக்குள் கிடந்தது. அப்பாவைத் தேடத்தான் போயிருக்கிறார், வேறெங்கே. பெர்னாரிடம் நீலத்தீவு என்று மட்டும் சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், தொப்பியைப் போட்டார், போனார். காற்று விழும் வரைக்கும் ஒருவரும் புறப்பட முடியாது. எனக்கும் தெரியும். இந்தக் குளிரில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் என்று இங்கே இரண்டாம் வகுப்பிலேயே படிப்பிப்பார்கள். அப்பாவின் கையுறை, அங்கிள், டாக்சி ஓட்டுகிற கையுறை. மெல்லிசு. எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. நாயை அடித்ததற்கு ஆள் சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் என்ன செய்து படுப்பது? எந்தச் சுவர்?

என்ன? நாய்கள் எப்போது போனதா? பக்கத்து வீட்டு ஏலிசாபீ நேற்று மத்தியானம் என்றா. ஓம், மத்தியானம். காற்று தொடங்க முதல். அது… அவர் ஏதோ வேட்டைக்கு, கடலுக்கு என்று போயிருப்பார். வாரை யார் கொடுத்ததா? ஆணியில் தொங்கும், அப்பா எடுத்திருப்பார். கேட்காமலா? அப்பா கேட்காமல் ஒரு ஊசிகூட எடுக்க மாட்டார்… நீங்கள் என்ன, போலீஸ் மாதிரிக் கேட்கிறீங்கள்? கதையைக் குழப்பாதீங்கோ, எனக்கு ஏற்கெனவே தலை…

ஷ்! ஷ்! அசையாதீங்கோ.

இருமல். கேட்டதா? இருமல்! ஜோவனாசி! கன்ரோல் கேட்குது, கன்ரோல் கேட்குது, சொல்லுங்கோ!

"கன்ரோல்… இது… நீலத்தீவுக் கொட்டில். ரெண்டு பேரும்… சுகம். நாயள் ஆறும்… சுகம். பேட்டரி விறைச்சுப்போச்சு… கமக்கட்டுக்குள்ள வைச்சுத்தான்… சூடாக்கினது. பாராவின்ரை விரல்… எல்லாம் இருக்கு."

கேட்டீங்களா? இருக்குதாம்! எல்லாம் இருக்குதாம்! ஐயோ, துவாயைத் தாங்கோ, சீலை மேசையில் வையுங்கோ, துவாயைத் தாங்கோ. பொறுங்கோ, இன்னும் சொல்லுகிறார்.

"அந்தப் பிள்ளை… நேற்றையில இருந்து… சாப்பிட்டிருக்காது. சாப்பிடச் சொல்லு. தாய்க்கு… உடனை போன் எடு. குரல் எல்லாம்… பிறகு செய்யலாம்."

ஓம் சேர், சாப்பிடுகிறேன் சேர், அம்மாவுக்கு இப்பவே எடுக்கிறேன், சேர், அப்பாவை மட்டும் ஒருக்கால் ரேடியோவுக்கு…

ஏன் அங்கிள் சிரிக்கிறீங்கள்? இதில் என்ன சிரிப்பு? மனுசன் எவ்வளவு அன்பாக… என்ன? உங்களுக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கினதா? ஓம், விளங்கும்தானே, அவர் தெளிவாகத் தமிழில்தானே…

ஜோவனாசிக்குத் தமிழ் தெரியாது.

அப்பா?